கொஞ்சம் ‘பாஸ்’ பண்ணுங்க பாஸ்!

கேம்பஸ் இன்டர்வியூ சீஸன் ஆரம்பிச்சா போதும்... சிவில் பசங்க இருக்கிற ஹாஸ்டல் பிளாக்கில் ஒரு ரவுண்டு நடந்து பாருங்க. ரூமுக்கு ரூம் ஒரு குரல், ‘ஹலோ ஃப்ரெண்ட்ஸ், வெல்கம் பேக்’னு ஆரம்பிச்சுக்கிட்டே இருக்கும். ஒரு ரூமில் எம்.எஸ். ப்ராஜெக்ட், அடுத்த ரூமில் ப்ரைமவேரா, மாடிப்படிக்குப் பக்கத்து ரூமில் மேத்கேட். நார்மல் ஸ்பீடில் பார்க்கிற ஆளே கிடையாது. 1.5 குறைந்தபட்சம், அவசரக்காரங்களுக்கு 2. மூணு ராத்திரி, பதினெட்டு வீடியோ... ரெஸ்யூமில் ‘சாஃப்ட்வேர் ஸ்கில்ஸ்’ பகுதியில் புதுசா ஒரு வரி. மேட்டர் ஓவர்!

ஓவரா? எங்க சீனியர் ஒருத்தர் இதே மாதிரி ஒரு வரியோட கட்டுமான கம்பெனி ஒண்ணுக்கு இன்டர்வியூ போனார். எதிரே உட்கார்ந்திருந்தவர் லேப்டாப்பைத் திருப்பி ஒரு பார் சார்ட்டைக் காட்டினார். ‘‘தம்பி, இந்த வேலை மூணு நாள் லேட்டானா, மொத்த ப்ராஜெக்ட் எத்தனை நாள் லேட்டாகும்?’’

சீனியர் தெம்பா சொன்னார்: ‘‘தேதியை மாத்திட்டு எஃப்9 அழுத்தினா தெரிஞ்சிடும் சார்.’’

‘‘அழுத்தாம சொல்லுங்க.’’

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்த ரூமில் ஏ.சி. சத்தம் மட்டும்தான் கேட்டுச்சாம். ப்ரைமவேராவில் ஷெட்யூல் ஓட்டுறதுக்கு எஃப்9 என்பது நூத்துக்கு நூறு சரியான பதில். ஆனா, அவர் கேட்டது கீபோர்டைப் பத்தி இல்லையே!

வீடியோவைக் குறை சொல்ல வரலை. நியாயமாப் பார்த்தா நமக்கு வேற வழியும் இல்லை. சி.பி.எம்., பெர்ட் எல்லாம் நமக்கு வட்டம் போட்டு அம்புக்குறி வரையுற பெரிய மார்க் கேள்வி. பரீட்சை முடிஞ்சதும் பேப்பரோட போச்சு. அந்த வட்டங்களை நிஜமா ஓட்டுற சாஃப்ட்வேர் பல காலேஜ் லேபில் கிடையாது. இருந்தாலும் ஒரு சிஸ்டத்தைச் சுத்தி ஆறு பேர் நிப்போம். சென்டரில் போய் கத்துக்கலாம்னா ஃபீஸைக் கேட்டதும் வீட்டு ஞாபகம் வருது. ஓசியில், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அலுக்காம சொல்லித் தர்ற வாத்தியார் யூடியூப்தான்.

சிக்கல் என்னன்னா, வீடியோவில் வர்ற உதாரணம் எப்பவுமே சரியா வரும். சொல்லித் தர்றவர் அதை முன்னாடியே பத்து தடவை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் ரெக்கார்டு பட்டனை அழுத்தியிருக்கார். அதைப் பார்க்கிற நமக்கு ‘அட, இவ்வளவுதானா!’னு ஒரு நிறைவு வருது பாருங்க... அதை நம்பாதீங்க. ஏன்னு ஒரு ரூம் கட்டிப் பார்ப்போம், வர்றீங்களா?

ஒரு ரூம்... மூணு விடை!

பெரிசா ஒண்ணும் வேண்டாம். ஊரில் தாத்தா வீட்டுக்குப் பின்னாடி ஒரே ஒரு ரூம். இப்போதைக்கு ஞாயிறு, பண்டிகை லீவு எல்லாத்தையும் மறந்துடுங்க. குழி தோண்ட 3 நாள். அஸ்திவாரம் கட்டி பேஸ்மென்ட் மட்டத்துக்குக் கொண்டுவர 6 நாள். சுவர் எழுப்ப 10 நாள். சென்ட்ரிங் அடிச்சு கம்பி கட்ட 4 நாள். கான்கிரீட் போட 1 நாள். சென்ட்ரிங் பிரிக்கிறதுக்கு முன்னாடி 7 நாள் காத்திருக்கணும். இதுக்கு நடுவில் கதவு நிலையும் ஜன்னல் சட்டமும் செஞ்சு கொண்டுவர ஆசாரிக்கு 12 நாள். பூமி பூஜை அன்னிக்கே அவருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு.

இதை எம்.எஸ். ப்ராஜெக்ட்டில் ஏத்துங்க. இலவசமா வேணும்னா ப்ராஜெக்ட்லிப்ரே இருக்கு, கேன்ட்ப்ராஜெக்ட் இருக்கு. ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ். இந்த மாதிரி குட்டிக் கணக்குக்கு அதுவே தாராளம்.

பல வீடியோக்களில் காட்டுற ஷார்ட்கட் ஒண்ணு இருக்கு. எல்லா வேலையையும் மொத்தமா செலக்ட் பண்ணி, சங்கிலிப் படம் போட்ட பட்டனை ஒரே தட்டு. ஒண்ணு முடிஞ்சு அடுத்ததுன்னு வரிசையா கோத்துக்கும். விடை 43 நாள். பார்க்கவும் அழகா படிக்கட்டு மாதிரி நீல நீலமா இறங்கும். ஆனா, ஆசாரி தன் பட்டறையில் இழைச்சுக்கிட்டு இருக்கும்போது இங்கே குழி தோண்டுற ஆளை எதுக்குச் சும்மா உட்கார வைக்கணும்?

சரி, ஆசாரி வேலை தனியா நடக்கட்டும்னு அவரைச் சங்கிலியிலிருந்து கழற்றி விடுறோம். இப்ப 3, 6, 10, 4, 1, 7... கூட்டினா 31 நாள். சாஃப்ட்வேர் சந்தோஷமா ஒத்துக்கும். ஒரு எச்சரிக்கை வராது, ஒரு சிவப்பு விளக்கு எரியாது.

ஆனா சைட்டில் என்ன நடக்கும்? ஒன்பதாவது நாள் அஸ்திவாரம் முடிஞ்சிருக்கும். கொத்தனார் வந்து நிப்பார். ‘‘நிலை எங்கே தம்பி?’’ம்பார். நம்ம ஊரில் நிலையை நிறுத்தி வச்சுட்டு, அதை அணைச்சுத்தானே செங்கல் வைப்பாங்க? நிலை வர்றது பன்னிரண்டாவது நாள். ஆக, சுவர் வேலைக்கு அஸ்திவாரமும் முடிஞ்சிருக்கணும், ஆசாரியும் வந்திருக்கணும். அந்த ரெண்டாவது கோட்டையும் போட்டுப் பாருங்க. 12, 10, 4, 1, 7... 34 நாள்.

ஒரே ரூம், அதே வேலைகள், அதே சாஃப்ட்வேர். 43, 31, 34-னு மூணு விடை! மூணும் பிரின்ட் போட்டா ஒரே மாதிரி பளபளன்னுதான் இருக்கும். எது சரின்னு சொல்றது மெனுவில் இல்லை, நிலை வைக்காம சுவர் எழும்பாதுங்கிற விஷயத்தில் இருக்கு.

இப்போ அந்த இன்டர்வியூ கேள்விக்கு வாங்க. குழி தோண்டுறதில் மூணு நாள் லேட்டானா? ஒண்ணும் ஆகாது. அஸ்திவாரம் 9-ம் நாளுக்குப் பதிலா 12-ம் நாள் முடியும், நிலையும் அன்னிக்குத்தான் வருது. அந்த மூணு நாள்தான் ‘ஃப்ளோட்’. எம்.எஸ். ப்ராஜெக்ட் அதையே ‘ஸ்லாக்’னு கூப்பிடும். ஆசாரி மூணு நாள் லேட்டானா? மொத்தமும் மூணு நாள் தள்ளிப்போகும். அவர்கிட்ட ஃப்ளோட் பூஜ்யம், அவர்தான் ‘கிரிட்டிக்கல் பாத்’தில் நிக்கிறார். குழி தோண்டுறவரை வெயிலில் விரட்டி ரெண்டு நாள் மிச்சம் பிடிச்சாலும் ஒரு நாள்கூட முன்னாடி முடியாது. அதே காசை ஆசாரிக்குக் கொடுத்து 12-ஐ 9 ஆக்கினா, 34 நாள் 31 ஆகிடும். இன்னும் ரெண்டு நாள் குறைச்சு 7-ல் முடிக்கச் சொன்னா? வேஸ்ட். அதுக்குள்ள கிரிட்டிக்கல் பாத் அஸ்திவாரத்துக்கு மாறியிருக்கும்!

இவ்வளவுதான் பாஸ் விஷயம். 1957-ல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனிக்காரங்களும் ரெமிங்டன் ராண்ட் கம்பெனிக்காரங்களும் சேர்ந்து யோசிச்சது இதைத்தான். அடுத்த வருஷமே அமெரிக்கக் கடற்படை தன் போலாரிஸ் ஏவுகணை வேலைக்காக பெர்ட்டைக் கொண்டுவந்தது. ப்ரைமவேரா கம்பெனி 1983-ல் பிறந்து, 2008-ல் ஆரக்கிள் கைக்குப் போனது எல்லாம் ரொம்பப் பின்னாடி கதை. பட்டன்கள் மாறிக்கிட்டே இருக்கு. கூட்டல், கழித்தல் அதேதான்.

இனி அந்த மறந்துபோன ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். எம்.எஸ். ப்ராஜெக்ட் திறந்ததும் தானா வர்ற காலண்டரில் திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலை. நம்ம சைட்டில் சனிக்கிழமையும் வேலை, அன்னிக்குத்தான் சம்பளமே! ஆறு நாள் கணக்கில் சரியா நாலு வாரத்தில் முடியுற 24 நாள் வேலை, ஐந்து நாள் காலண்டரில் அஞ்சாவது வாரத்துக்குள் நுழைஞ்சிடும். காலண்டரை மாத்துறது எல்லா வீடியோவிலும் இருக்கு. ஆனா பதினாறாவது வீடியோவில் இருக்கு, நாம அதுக்குள்ள தூங்கிடுறோம்.

அதைவிட சுவாரசியமானது அந்த 7 நாள் காத்திருப்பு. ஐ.எஸ். 456, 2000-ம் வருஷப் பதிப்பில் பாருங்க. 4.5 மீட்டர் அகலம் வரைக்குமான ஸ்லாபுக்கு முட்டு எடுக்க 7 நாள், அதுக்கு மேல போனா 14 நாள். அதுவும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு, வெப்பநிலை 15 டிகிரிக்குக் குறையாதப்போ. வேற சிமென்ட்டுன்னா அதுக்கேத்தபடி மாத்தணும். இந்த ஏழு நாளை நாம ‘7 டேஸ்’னு அடிச்சா, சாஃப்ட்வேர் அதை ஏழு வேலை நாளா எடுத்துக்கும். நடுவில் சனி, ஞாயிறு வந்தா கான்கிரீட்டுக்கும் லீவு கொடுத்துடும்! கான்கிரீட் என்ன கவர்ன்மென்ட் ஆபீஸா? அது ஞாயிற்றுக்கிழமையும் இறுகிக்கிட்டுத்தான் இருக்கு. இதுக்காகவே எம்.எஸ். ப்ராஜெக்ட்டில் ‘எலாப்ஸ்டு டே’னு ஒண்ணு வச்சிருக்காங்க. 7-க்குப் பக்கத்தில் வெறும் ‘டி’ போடாம ‘இ’, ‘டி’ ரெண்டு எழுத்தையும் போடணும். லீவு பார்க்காம தொடர்ச்சியா ஏழு நாள் எண்ணும். திங்கட்கிழமை எண்ண ஆரம்பிக்கிற ஒரு ஸ்லாபுக்கு இந்த ஒரு எழுத்தால ரெண்டு நாள் வித்தியாசம். பத்து மாடி கட்டுறவருக்கு எவ்வளவுன்னு நீங்களே பெருக்கிக்கோங்க.

இன்னொரு வில்லன்... ‘ஸ்டார்ட்’ கட்டத்தில் கையால தேதி அடிக்கிறது. வீடியோவில் சிலர் சும்மா வேகத்துக்காக அடிப்பாங்க, நாமும் அடிப்போம். ஆட்டோ ஷெட்யூலில் இருக்கும்போது நீங்க ஒரு தேதி அடிச்சா, ‘இந்தத் தேதிக்கு முன்னாடி ஆரம்பிக்கக் கூடாது’னு அது ஒரு கட்டுப்பாடாவே எடுத்துக்கும். அப்புறம் ஆசாரி அதிசயமா சீக்கிரம் வந்தாலும் சுவர் வேலை நகராது, அடிச்ச இடத்திலேயே நிக்கும். வரியோட ஓரத்தில் ஒரு குட்டி காலண்டர் படம் முளைச்சிருக்கும் பாருங்க, அதுதான் சாட்சி. 2010 பதிப்பிலிருந்து புது வேலைகள் எல்லாம் ‘மேனுவல்’ மோடில்தான் ஆரம்பிக்குது. ‘நான் லிங்க் போட்டும் ஏன் நகரலை?’னு புலம்புறவங்க முதல்ல பார்க்க வேண்டிய இடம் அது.

90-ம் 9 கோடியும் ஒண்ணுதான்!

ஷெட்யூல் தப்பினா காசும் நாளும் போகும். கால்குலேஷன் தப்பினா? அதனாலதான் மேத்கேட் கத்துக்கிறதைப் பத்தியும் சொல்லணும். (காசில்லையா? எஸ்மேத் ஸ்டுடியோ தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசம். முக்கால்வாசி அதே மாதிரிதான் வேலை செய்யும்.)

எக்ஸெலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, எக்ஸெலுக்கு நம்பர் மட்டும்தான் தெரியும். 6 மீட்டரையும் 6000 மில்லிமீட்டரையும் கூட்டச் சொன்னா, யோசிக்காம 6006 சொல்லும். மேத்கேட் யூனிட்டையும் சேர்த்து சுமக்கும்.

ரெண்டு பக்கமும் சும்மா தாங்கி நிக்கிற 6 மீட்டர் பீம். மீட்டருக்கு 20 கிலோ நியூட்டன் லோடு. லோடு பெருக்கல் நீளத்தின் வர்க்கம், வகுத்தல் எட்டு. 20 பெருக்கல் 36 வகுத்தல் 8... 90 கிலோ நியூட்டன் மீட்டர். வாய்க்கணக்கு! இதையே எக்ஸெலில் நீளத்தை 6000-னு போட்டால் ஒன்பது கோடி வரும். பதறாதீங்க, அதுவும் சரிதான். ஒரு மீட்டருக்கு 20 கிலோ நியூட்டனும், ஒரு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனும் ஒண்ணே. வந்திருக்கிறது நியூட்டன் மில்லிமீட்டரில். ஆனா, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் யாரும் யூனிட் எழுதி வைக்கலைன்னா, அடுத்த மாசம் அந்த ஃபைலைத் திறக்கிற ஜூனியர் என்ன நினைப்பான்?

இப்போ தொய்வு கணக்குப் போடுங்க. 230-க்கு 450 பீம், எம்25 கான்கிரீட். விரிசல், நாள்பட்ட தொய்வு எதுவும் சேர்க்காத வெறும் எலாஸ்டிக் கணக்கில் சுமார் 7.7 மில்லிமீட்டர் வரும். ஃபார்முலாவில் நீளத்துக்கு நாலாம் அடுக்கு போடணும். கை தவறி மூணாம் அடுக்கு போட்டுட்டா எக்ஸெலில் 0.0013-னு ஒரு நம்பர் வரும், ‘பரவாயில்லையே, பீம் வளையவே இல்லை’னு போயிடுவோம். மேத்கேட்டிலும் அதே 0.0013 வரும். ஆனா, பக்கத்தில் மில்லிமீட்டர் இருக்காது. யூனிட்டே இல்லாத ஒரு தொய்வு! அப்போ ஃபார்முலாவில் ஏதோ இடிக்குதுன்னு அர்த்தம்.

யூனிட்டை லேசா நினைக்காதீங்க. 1999 செப்டம்பரில் நாசாவோட மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் பக்கத்தில் காணாமப் போச்சே, காரணம் இதுதான். தரையில் இருந்த ஒரு சாஃப்ட்வேர் பவுண்டு கணக்கில் கொடுத்த விவரத்தை, அடுத்தது நியூட்டன் கணக்குன்னு எடுத்துக்கிச்சு. வித்தியாசம் நாலரை மடங்கு.

ஆனா மேத்கேட்டும் சாமி இல்லை. அந்த வீடியோவில் வர்ற பீம் ரெண்டு முனையும் இறுக்கிக் கட்டின பீமா இருந்து, நீங்க அந்த ஷீட்டை அப்படியே காப்பி அடிச்சா, எட்டுக்குப் பதிலா பன்னிரண்டால் வகுத்து, முனையில் வர்ற 60-ஐக் காட்டும். யூனிட் பக்கா. விடை உங்க பீமுக்கு இல்லை. 90 வேண்டிய இடத்துக்கு 60-க்கான கம்பி! முனை இறுகியிருக்கா, சும்மா உட்கார்ந்திருக்கான்னு பீமைப் பார்த்து நாமதான் சொல்லணும். ஆசாரியோட கோடு மாதிரியேதான் இதுவும்.

மேத்கேட்டில் முதல் ராத்திரி எல்லாரையும் அழவைக்கிற ரெண்டு விஷயத்தையும் சொல்லிடுறேன். மதிப்பு கொடுக்க கோலன், விடை கேட்க ஈக்வல். மாத்தி அடிச்சா குழப்பம்தான். அப்புறம், அது நோட்டுப் புத்தகம் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழே, இடமிருந்து வலமா படிக்கும். லோடை கீழே எழுதிட்டு மேலே ஃபார்முலா போட்டா ‘எனக்குத் தெரியாது’ன்னுடும்.

பாதி ஸ்கிரீன் உங்களுக்கு...

சரி, வீடியோவை எப்படித்தான் பார்க்கிறது? ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் ட்யூட்டோரியல் இதுக்கு ஒரு நல்ல வழி வச்சிருக்கு. ஒவ்வொரு வீடியோவும் பத்து நிமிஷம் மாதிரிதான். ஸ்கிரீனில் பாதி வீடியோ, மீதிப் பாதியில் அந்த சாஃப்ட்வேர். அவர் ஒரு ஸ்டெப் செய்வார், நீங்க பாஸ் பண்ணிட்டு அதையே செய்யணும். வரலைன்னா பின்னாடி போய் திரும்பப் பாருங்க. ஸைலேப், பைத்தான், லிப்ரே ஆபீஸ் எல்லாம் தமிழ் ஆடியோவிலும் கிடைக்குது. ஸ்கிரீனில் மெனு எல்லாம் இங்கிலீஷில்தான் இருக்கும், விளக்கம் மட்டும் தமிழ். என்னைக் கேட்டா அதுதான் சரி. சைட்டிலும் நாம அப்படித்தானே பேசப் போறோம்? ஸ்டீல் டிசைன் ஆர்வம் இருந்தா, அதே ஐ.ஐ.டி.யின் ‘ஃபோஸி’ குழு செஞ்ச ஆஸ்டாக்-ஐ இறக்கிப் பாருங்க. ஐ.எஸ். 800 படி கணக்குப் போடுற இலவச சாஃப்ட்வேர். அதில் வர்ற விடையைக் கையால ஒரு தடவை சரிபார்த்தா ஒரு செமஸ்டர் பாடம் ஓசியில் ரிவைஸ் ஆகிடும்.

பத்து நிமிஷ வீடியோவுக்கு இப்படி உட்கார்ந்தா நாற்பது நிமிஷம் ஆகும். ஒப்புக்கிறேன். ஒரு ராத்திரிக்கு ஆறு வீடியோ எல்லாம் நடக்காது, ரெண்டுதான். வீடியோ முடிஞ்சதும் அதை மூடிட்டு, அவரோட ஃபைலைத் தொடாம, வேற நம்பரோட வேற கணக்கு ஒண்ணைப் போடுங்க. பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி பென்சிலில் ஒரு விடை எழுதி வச்சுக்குங்க. சாஃப்ட்வேர் வேற சொன்னா, ரெண்டில் எது தப்புன்னு தேடுங்க. அந்தத் தேடல் நடக்கிற அரை மணி நேரம் எந்த வீடியோவிலும் கிடையாது. வெர்ஷன் மாறி, அவர் காட்டுற பட்டன் உங்க ஸ்கிரீனில் இல்லாட்டியும் கவலைப்படாதீங்க. என்ன தேடுறோம்னு தெரிஞ்சா வேற மெனுவில் கிடைச்சிடும். (பென் டிரைவில் சுத்துற ‘க்ராக்’ வெர்ஷன் மட்டும் வேண்டாம் மக்களே. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோட லேப்டாப்பும் படுத்துடும்.)

கணக்குக்கு எங்கே போறதுன்னு கேட்காதீங்க. உங்க தெருவிலேயே ஏதோ ஒரு வீடு எழும்பிக்கிட்டு இருக்கும். சாயங்காலம் வேலை முடியுற நேரமாப் பார்த்து, மேஸ்திரிகிட்ட ‘அண்ணே, எந்த வேலைக்கு எத்தனை நாள், எதுக்காக எது காத்திருக்கு?’ன்னு கேளுங்க. டீ வாங்கிக் கொடுத்தா கூடுதல் விவரம் கிடைக்கும். நாம யோசிக்காத ஒண்ணை அவர் கண்டிப்பா சொல்வார். ஆடி மாசம் நிலை வைக்க மாட்டாங்க தம்பின்னு சொன்னார்னா, நிலை வைக்கிறதை ஒரு தனி வரியா பிரிச்சிடுங்க. ‘சேஞ்ச் வொர்க்கிங் டைம்’ போய் ஆடி முழுக்க லீவு விட்ட ஒரு புது காலண்டர் போட்டு, அந்த ஒரு வேலைக்கு மட்டும் ‘டாஸ்க் இன்ஃபர்மேஷன்’ல ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் அதைச் செலக்ட் பண்ணுங்க. முடியுற தேதி எங்கே போய் நிக்கும்னு, முதல்ல பென்சிலில்!